சுவரைத் தொட்டுப் பார்க்கும் அக்கா

அந்த அக்கா ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் ஆட்களைப் பார்க்கமாட்டார். சுவரைத்தான் பார்ப்பார். பார்ப்பது என்றால் கண்ணால் இல்லை. வலக்கைக் கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, புறங்கையைச் சுவரில் வைப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தில் வைக்கிற மாதிரி. மூன்று விநாடி, நான்கு விநாடி. அதற்குப் பிறகுதான் “எப்பிடி, சுகமே?” என்ற கேள்வி வரும். கோட்டைக் கழற்றுவதா, போட்டபடியே இருப்பதா என்பதும் அந்த நான்கு விநாடிக்குள் முடிவாகிவிடும்.

பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் அவர் கை வைக்காத சுவர் குறைவு. மெத்ரோ வாசலுக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடை, பிறந்தநாளுக்கும் சாமத்தியவீட்டுக்கும் வாடகைக்கு விடுகிற மண்டபம், பல் வைத்தியரின் காத்திருக்கும் அறை. ஒரு செத்தவீட்டில்கூட, மலர் வைக்கக் குனிந்தவர் நிமிர்கிற வழியில் பின்சுவரைத் தொட்டுவிட்டு என் காதுக்குள் சொன்னார்: “உந்த மண்டபத்துக்குக் காசு குடுத்தவை ஏமாந்து போச்சினம். சுவர் முழுக்க ஈரம்.” பக்கத்தில் நின்ற மகளுக்குப் பதினான்கு வயது. அவளுக்கு அம்மாவின் இந்தப் பழக்கத்தைப்போல வெட்கம் தருவது உலகத்தில் வேறொன்றும் இல்லை. “மமான், அரெத்!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொல்வாள். நிறுத்தம்மா. அக்கா நிறுத்தினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவருடைய வேலை துப்புரவு. விடிய ஐந்து மணிக்கு அலுவலகங்கள், பத்து மணிக்குப் பிறகு வீடுகள். பதினாறு வருடமாகப் பாரிஸின் அலுமாரிகளை இழுத்து இழுத்துப் பின்பக்கம் துடைத்தவர். எந்தத் தெருவில் கல் வேர்க்கும், எந்தக் கட்டடத்தில் சன்னலுக்குக் கீழே பூஞ்சணம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். “அலுமாரிக்குப் பின்னாலை பாத்தாத்தான் வீட்டின்ரை குணம் தெரியும்” என்பார். யாராவது தங்கள் வீட்டைப் புகழத் தொடங்கினால் பாதியில் மறித்து, “சொல்லாதையும், காட்டும்” என்பார். பேசிக்கொண்டே நடப்பார், நடந்துகொண்டே குடிப்பார். அந்த நாட்களில் ஒரு தேநீரை அவர் உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை.

என் வேலை வீடுகளுக்கு எழுத்துப் போடுவது. பிரான்சில் ஒரு வீட்டை விற்பதற்கோ வாடகைக்கு விடுவதற்கோ அது எவ்வளவு எரிசக்தி தின்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். A என்றால் அடக்கமான வீடு. G என்றால் சூடேற்றச் சூடேற்ற எல்லாவற்றையும் தெருவுக்கு அனுப்பிவிடும் ஓட்டைப் பானை. கட்டட வெப்பவியல் படித்து முடித்திருந்தேன். வெப்பத்தைப் படம் பிடிக்கும் கமெரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு வீடு ஏறி இறங்குவேன். சுவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என் சிநேகிதர்கள் இதற்குப் பயந்தே என்னோடு ஒரே பெட்டியில் ஏறமாட்டார்கள். அப்படிப்பட்ட எனக்கு இந்த அக்கா எப்படித் தெரிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், மின்தூக்கி இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில்தான் அவரை முதலில் கண்டேன். இரண்டு அறை வீடு. வீட்டுக்கார அண்ணை உணவகம் ஒன்றில் சமையல்காரர். பிள்ளைகள் லண்டனில் இருந்தார்கள். இதை விற்றுவிட்டு அவரும் அங்கே போகிற அவசரத்தில் இருந்தார். நான் அளவெடுத்துக்கொண்டிருந்த நேரத்திலேயே வீடு பார்க்க இவரையும் வரச் சொல்லியிருந்தார். வந்தவர் நேரே முற்றத்துப் பக்கச் சுவரில் புறங்கையை வைத்தார்.

“இவர் ஆர்?” என்று கை எடுக்காமலே என்னைப் பற்றிக் கேட்டார்.

“வீட்டுக்கு எழுத்துப் போட வந்த தம்பி. எங்கட பெடியன்தான்.”

“எங்கட பெடியனோ? அப்ப வடிவாப் பாப்பார்.” பிறகு சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். “அண்ணை, இதுக்குள்ளை என்னவோ வைச்சிருக்கிறியள். இது வெறுங் கல்லில்லை.”

அண்ணைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கண்டுபிடிச்சிட்டியள், பாத்தியளே! பலகைக்குப் பின்னாலை குளிருக்குக் கண்ணாடிப் பஞ்சு அடிச்சிருக்கு. நானும் மச்சானும் நாலு ஞாயித்துக்கிழமை நிண்டு செய்தது.”

“ஃபக்தூர் இருக்கோ அண்ணை?” என்று நான் கேட்டேன்.

“என்ன ஃபக்தூர்?”

“பஞ்சு வாங்கின பில். இல்லாட்டி செய்த கொம்பனியின்ரை பில்.”

“நாங்கள் செய்ததுக்கு நாங்களே பில் போடுறதோ தம்பி?” என்று சிரித்தார். “பஞ்சு வாங்கினது மச்சான்ரை கூட்டாளி ஒருத்தன்ரை கொம்பனிப் பேரிலை. விலையிலை நல்ல கழிவு கிடைச்சது.” எத்தனையோ வருடத்துக்கு முந்திய அந்தக் கழிவு அவருக்கு அப்போதும் இனித்தது.

எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்ப விடுகிற பிழை இது. வேலை தெரிந்த கை நிறைய இருக்கிறது. மச்சான் இருக்கிறான், மச்சானுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான், பிறகு எதற்குக் கொம்பனி, எதற்குப் பில் என்று வீட்டைத் தாங்களே திருத்திவிடுவார்கள். வேலை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கடதாசியில் அந்தப் பஞ்சு இல்லை. சட்டப்படி நான் கண்ணால் பார்த்ததையும் பில் உள்ளதையும் மட்டும்தான் கணக்கில் சேர்க்கலாம். கமெராவில் தெரிவது சாட்சியாகாது, அன்றைக்கு அதை நான் எடுக்கவுமில்லை. மற்றதற்கெல்லாம் கட்டடத்தின் வயதுதான் சாட்சி. நூறு வயதுக் கட்டடம் என்றால் வெறுங் கல். ஆகவே அந்த வீட்டுக்கு நான் போட்ட எழுத்து G.

அந்த G எங்கே போய் யாரை இடிக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

ஒரு மாதத்துக்கு மேலிருக்கும், அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. தேநீர்க் கடைக்குப் போனேன். நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, அந்த ஜேயை நீர்தானே போட்டனீர்?” பிரெஞ்சுக்காரர்கள் G-யை ஜே என்றுதான் உச்சரிப்பார்கள்.

“ஓம் அக்கா.”

“இருந்து கேளும்” என்றார். அவர் இருக்கவில்லை.

அந்த வீட்டை வாங்க ஒப்பந்தம் எழுதியிருந்தார். வங்கிக் கடனைக் கொண்டுவர இரண்டு மாதத் தவணை. அதில் மூன்று வாரம்தான் மிச்சம். வங்கி அவருடைய இலங்கைப் பாஸ்போட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று இடத்துச் சம்பளத் துண்டுகளையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருடைய பத்து வருடக் கார்த், அந்த வதிவிட அட்டை, முடிய இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. கடனோ இருபத்தைந்து வருடத்துக்கு. ஆகவே கையிலிருந்து போடும் பங்கைக் கூட்டச் சொன்னார்கள். சேமிப்பு, எடுத்த சீட்டுக் காசு, ஒரு சோடிக் காப்பு எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிட்டார். சரி என்றார்கள். அதன் பிறகுதான் வீட்டின் எழுத்தைப் பார்த்தார்கள். G வீட்டைத் திருத்தாமல் விடமுடியாது, திருத்தும் செலவு எங்கே என்று கேட்டார்கள். பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் என்றால் முற்பணத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, மிச்சத்தைத் திருத்த வேலைக்கு வைத்திருப்பார். அக்காவிடம் மிச்சம் என்று ஒன்றில்லை. அந்தச் செலவையும் கடனில் ஏற்றினால் மாதக் கட்டணம் சம்பளத்தின் மூன்றிலொரு பங்கைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் கடன் கோப்பை மூடிவிடுவார்கள்.

“சரி, இது போனா இன்னொண்டு பாக்கலாம்தானே அக்கா” என்றேன், படித்தவன் சொல்கிற மாதிரி.

“எங்கையிருந்து பாக்கிறது? அடுத்த மெத்ரோவடியிலை, ஸ்டாலின்கிராட்டிலை, நாங்கள் இருக்கிற அறையும் ஜேதான். ஜே வீட்டை இனி வாடகைக்கு விட ஏலாதாம். வீட்டுக்கார மனுசி விக்கப் போறா. மாச முடிவிலை எழும்பச் சொல்லிக் கடிதம் வந்திட்டுது.” விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்தார். “அங்கை ஜே எண்டு வெளியிலை போ எண்டு சொல்லினம். இஞ்சை ஜே எண்டு உள்ளை வராதை எண்டு சொல்லினம். நானும் பிள்ளையும் எங்கை நிக்கிறது, படியிலையோ?”

நான் படித்த புத்தகங்களில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வீட்டின் படம்தான் இருந்தது. ஆட்கள் இருக்கவில்லை.

வீட்டுக்கார அண்ணையும் அங்கே வந்து சேர்ந்தார். அவருக்கும் அவசரம். என் தோளில் கை போட்டார். “தம்பி, நீர் எங்கட பெடியன்தானே. உந்த எழுத்தை ரெண்டு படி மேலை தள்ளிவிடும். பஞ்சு இருக்குத்தானே? பொய்யில்லையே? ஆருக்கு நட்டம்?”

“அவரை ஏன் அண்ணை களவுக்குக் கூப்பிடுறியள்?” என்று அக்கா பாய்ந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: “உமக்கு என்னத்தைக் காட்டினாக் காணும்?”

பஞ்சைக் கண்ணால் கண்டால் போதும் என்றேன். வெளிப்பக்கச் சுவர் ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய துளை. நான் போட முடியாது, வீட்டுக்காரர் போட வேண்டும், நான் அளந்து படமெடுத்துப் புதுச் சான்றிதழ் எழுதுவேன்.

“துளையோ? போன வருசம்தான் பெயின்ற் அடிச்சனான்” என்றார் அண்ணை.

“ஓட்டையை நான் பூசித் தாறன்.”

“வியாபாரம் சரிவராட்டி?”

“சரிவராட்டியும் பூசித் தாறன். முழுச் சுவருக்கும் பெயின்றும் அடிச்சுத் தாறன். எழுதித் தரட்டோ?” கடையில் கிடந்த துண்டுச் சீட்டை எடுத்து உண்மையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில் வங்கிக் கடிதங்களை விளங்கிக்கொள்ள புறநகரான எபினேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வந்தார். வந்தவர் வழக்கம்போல நடந்து திரிந்து, அம்மாவின் அறைச் சுவரில் கை வைத்தார்.

“இதிலை படுக்கிறது ஆர்?”

“நான்தான்” என்றார் அம்மா.

“விடியப்பறம் இருமல் வாறதோ?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்பதுபோல. “கட்டிலைச் சுவரிலையிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கோ” என்று அக்காவே ஒரு பக்கம் பிடித்தார். நான் மற்றப் பக்கம் பிடித்தேன். சுவரின் அடியில், கட்டில் மறைத்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். நூற்றுக்கணக்கான வீடுகளை அளந்த என் கமெரா அந்த அறைக்குள் ஒருநாளும் போனதில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு சொல் கேலி பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம்.

துளை போடுகிற சனிக்கிழமை வந்தது. பின்னேரம். அக்கா பூசுகிற மாவும் கரண்டியும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். மகளும் வந்திருந்தாள், காதில் பாட்டோடு படியில் உட்கார்ந்தாள். முற்றத்துப் பக்கச் சுவரில் அக்கா கையை ஓட்டி, “இஞ்சை” என்றார். அண்ணை துளைத்தார். துளைகருவியை வெளியே இழுத்தபோது அதன் நுனியில் மஞ்சள் பஞ்சு சுற்றிக்கொண்டு வந்தது. கம்பியை விட்டு அளந்தேன். நல்ல தடிப்பு. நாங்கள் மூன்று பேரும் கத்தினோம், விளையாட்டில் கோல் போட்டதுபோல. அண்ணை உடனே தேத்தண்ணி ஊற்ற ஓடினார்.

நான் நின்ற நிலையிலேயே கணினியில் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுவரும் இப்படியே என்றால் E. இரண்டு படி. “அக்கா, E வரும்! பாங்க் வாயே திறக்காது! ஒரு திருத்தவேலையும் கேக்கமாட்டினம்!” எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. துள்ளினேன் என்றும் நினைக்கிறேன்.

மிஞ்சியது தெருப் பக்கச் சுவர். அண்ணை கருவியை வைத்து அழுத்தினார். அது ஒரு முறை முனகி நின்றுவிட்டது.

“பற்றரி போட்டுது” என்றார். அவருடைய முகத்தில் எனக்கு ஏமாற்றம் தெரியவில்லை. அதை நான் பிறகுதான் யோசித்தேன்.

“மற்றதும் இதே பஞ்சுதானே அண்ணை?”

“ஓம் ஓம். அதே பஞ்சு. அதே வேலை.”

“அப்ப சரி” என்றேன். இரண்டு வாரம்தான் இருக்கிறது, ஒரு தாயும் பிள்ளையும் தெருவில் நிற்கப் போகிறார்கள், ஒரு சுவரில் கண்ட பஞ்சு மற்றச் சுவரில் மட்டும் எங்கே போகும்? திரையில் அந்தக் கட்டத்தைத் தொட விரலைக் கொண்டுபோனேன்.

“பாராமல் எழுதாதையும்.”

அக்கா சன்னலடியில் நின்றார். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். நான் ஏதோ சொல்வதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். நான்கு மாடி. அறைக்குள் அண்ணையும் நானும் மட்டும். அவர் தெருச் சுவரில் தொங்கிய கலண்டரை நேராக்கினார். அது முதலே நேராகத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் அக்கா மேல்மூச்சு வாங்க ஏறி வந்தார், கீழே இருக்கும் கைத்தொலைபேசிக் கடையில் கேட்டு வாங்கிய கருவியோடு. அதை அண்ணையிடம் நீட்டினார்.

கருவி பலகையைத் துளைத்தது. பிறகு பிடிமானம் இல்லாமல் உள்ளே வழுகியது. பிறகு கல்லில் போய்க் கிரீச்சிட்டது. நான் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். பலகை, இருட்டு, கல். பஞ்சு இல்லை.

படியிலிருந்து மகளின் பாட்டு மட்டும் சன்னமாகக் கேட்டது.

“நாலு ஞாயிறு இல்லை” என்றார் அண்ணை, நிலத்தைப் பார்த்தபடி. “ரெண்டு ஞாயிறுதான். பேந்து மச்சான் கனடாவுக்குப் போட்டான். பஞ்சும் முடிஞ்சுது. பாக்கிறதுக்கு ஒரே மாதிரி இருக்கட்டும் எண்டு பலகையை மட்டும் அடிச்சு விட்டனான்.”

“தெரியும்” என்றார் அக்கா.

“எப்ப தெரியும்?” என்று நானும் அண்ணையும் ஒன்றாகக் கேட்டோம்.

“வந்த அண்டைக்கே. தெருப் பக்கம் போகேக்கை முகத்திலை குளிர் அடிச்சுது. அதுதான் நான் அந்தச் சுவரிலை கை வைக்கேல்லை.”

எனக்குக் கோபமே வந்தது. “பின்னை ஏன் அக்கா? நான் எழுதப் போனன்தானே? E வந்திருக்கும். எல்லாம் முடிஞ்சிருக்கும்!”

“நீர் எழுதினா அது பேப்பர். உதுக்குள்ளை படுக்கப் போறது நானும் பிள்ளையும்.” அதைச் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. துளையைத்தான் பார்த்தார். அந்த ஒரு சுவரைத் தொடாமல் ஒன்றரை மாதம் தன்னையே ஏமாற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார். வீடு அவ்வளவு பிடித்துவிட்டது. அவ்வளவு நாளும் பைக்குள் ஒளித்து வைத்திருந்த கையை அன்றைக்குத்தான் வெளியே எடுத்து, அந்தச் சுவரில் வைத்தார். நான்கு விநாடிக்கு மேல் வைத்திருந்தார். பிறகு அண்ணையைப் பார்த்து, சத்தம் போடாமல் கேட்டார்: “இந்த ஒரு சுவருக்கு செலவாகிற காசை விலையிலை குறைப்பியளோ?”

அண்ணை தலையாட்டினார். அந்தத் துளைக்கு முன்னால் நின்றுகொண்டு வேறு என்ன செய்ய முடியும்?

நான் கண்டதை எழுதினேன். F வந்தது. ஒரே ஒரு படி. அதற்குப் பிறகு பதினொரு நாள் அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! பில் போடுகிற, பதிவு பெற்ற வேலைக்காரர் ஒருவர் வேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவரும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு போர்த்துக்கேயரைப் பிடித்து, ஒரேயொரு சுவருக்குச் செலவு மதிப்பீடு வாங்கினார். வீட்டுப் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் போய் விலையை மாற்றி எழுதுவித்தார். இரண்டையும் வங்கியில் கொடுத்தார். முழு வீட்டையும் திருத்துவது என்றால் கோட்டைத் தாண்டியிருக்கும். ஒரு சுவர் என்றபடியால் மயிரிழையில் உள்ளே நின்றது. தவணைக்கு இரண்டு நாள் முன்னால் வங்கியின் பதில் மின்னஞ்சலில் வந்தது. அக்காவுக்கு அந்தப் பிரெஞ்சு முழுக்க விளங்காது. மெத்ரோவுக்குள் நின்றபடி மகள்தான் அதை வாசித்தாளாம், காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, தமிழில்.

அதை எனக்குச் சொன்னபோது அக்கா சிரித்துக்கொண்டு, “எனக்கு வெக்கமாப் போச்சுது” என்றார்.

நான் அந்த வேலையை விட்டு லியோனுக்குப் போவதற்கு முன்னால், ஒரு தை மாத மத்தியானம் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். தெருச் சுவருக்குப் பஞ்சு அடித்தாயிற்று. நான் கமெராவைக்கூடக் கொண்டு போயிருந்தேன், எனக்கு ஆவல் தாங்கவில்லை. வீடு இதமாக இருந்தது. ஆனால் மகள் சன்னலை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, கீழே தெருவில் நின்ற சிநேகிதியோடு கத்திக் கதைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவ்வளவு பாடுபட்ட சூடு முழுக்க ரூ பிலிப்-து-ஜிராருக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து சன்னலுக்குப் போனேன்.

அக்கா கதிரையில் சாய்ந்து, தேநீர்க் கோப்பையை மடியில் வைத்தபடி இருந்தார்.

“விட்டிட்டு வந்து இரும் தம்பி” என்றார். “குளிர்ந்தா நாங்கள் சாத்துவம்.”